தப்புக் குளியல்: கலர் பிலிமின் ஒரு கிளைக்கதை

தென்காசி வீட்டு ஆல்பங்களில் பெரிய கோயில் கோபுரம் தெரிகிற படம் இருந்தால் அதற்கு வயது சொல்வது சுலபம். கோபுரம் உச்சி சிதைந்து நின்றால் அது 1990-க்கு முன் எடுத்தது. ஒன்பது நிலையும் கலசமுமாக முழுசாக நின்றால் 1990-க்குப் பின். பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதைந்துபோனது. நெடுங்காலம் மொட்டையாகவே நின்று, 1990 குடமுழுக்கில்தான் மறுபடி தலை நிமிர்ந்தது.

வயது சொல்லிவிடலாம். கலர்தான் சிக்கல். மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வானம் ஒரு வீட்டுப் படத்தில் நீலம், இன்னொரு வீட்டுப் படத்தில் ரோஸ், மூன்றாவது வீட்டில் பாசி படிந்த பச்சை. ஊர் ஒன்று, கோபுரம் ஒன்று, வானமும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இப்படி?

கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் அந்த பிலிமைக் கழுவிய தொட்டியில், கழுவியபின் கடந்துபோன வருடங்களில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் தொட்டியைப் பற்றியது. குறிப்பாக, ஒரு வகை மருந்துக்காகச் செய்த பிலிமை வேறு வகை மருந்தில் கழுவினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. இதற்கு 'க்ராஸ் ப்ராசசிங்' என்று ஒரு ஸ்டைலான பெயர் உண்டு. ஃபேஷன் போட்டோகிராபர்கள் வேண்டுமென்றே செய்வார்கள். ஆனால் அந்தப் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே தப்பான தொட்டியில் விழுந்து போன கல்யாணங்களும் காதுகுத்துகளும் உலகம் முழுக்க ஏராளம்.

முதலில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. (காமர்ஸ் பிள்ளைகள் ஓடவேண்டாம், இரண்டே பத்தி.)

கலர் பிலிம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிய மூன்று பிலிம். நீல வெளிச்சத்துக்கு ஒரு பூச்சு, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. மூன்றிலும் இருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் இருக்கும் உப்பை டெவலப்பர் வெள்ளியாக மாற்றும். அப்படி மாற்றும்போது டெவலப்பரும் மாறிப்போகும். மாறிப்போன அந்த டெவலப்பர், பூச்சுக்குள் காத்திருக்கும் 'கப்ளர்' என்ற பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. அதன்பிறகு வெள்ளியை முழுவதும் வெளுத்துக் கரைத்து எடுத்துவிடுவார்கள். எனவே முறையாகக் கழுவி முடித்த கலர் நெகட்டிவில் வெள்ளியே கிடையாது, சாயம் மட்டும்தான். கல்யாணத் தரகர் மாதிரி வந்து, சம்பந்தத்தை முடித்துவைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் போய்விடுகிறது வெள்ளி.

ஆக, எந்த டெவலப்பரும் எந்தக் கப்ளரும் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது கலர். இந்தக் கப்ளருக்கு இந்த டெவலப்பர், இத்தனை டிகிரி சூடு, இத்தனை நிமிடம் என்று பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கம்பெனி பிலிமைச் செய்கிறது. ஜாதகம் மாறினால் கலரும் மாறும். சில சமயம் குடும்பமே நடக்காது.

இந்த யோசனை 1912-லேயே வந்துவிட்டது. பெர்லினில் ருடால்ஃப் ஃபிஷர் என்ற வேதியியலாளர் காப்புரிமை வாங்கினார். ஆனால் கப்ளர்கள் தங்கள் பூச்சில் நிற்காமல் பக்கத்துப் பூச்சுக்கு நீந்திப் போய்விட்டன. கலர் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியது. இதற்குத் தீர்வு காண இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அதுவும் இரண்டு தேசங்களில் இரண்டு விதமாக. அமெரிக்காவின் கோடக், கப்ளரை பிலிமில் போடாமல் டெவலப்பரிலேயே கரைத்துவிட்டது. அதுதான் 1935-இல் வந்த கோடக்ரோம். ஜெர்மனியின் ஆக்ஃபா, கப்ளர் மூலக்கூறுக்கு ஒரு நீளமான வாலை ஒட்டிவிட்டது. வால் கனத்தில் நகர முடியாமல் கப்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. அது 1936-இல் வந்த ஆக்ஃபாகலர். பிறகு 1942-இல் கோடகலர் நெகட்டிவ் வந்தபோது கோடக் மூன்றாவதாக ஒரு வழி கண்டது: கப்ளரை நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் அடைத்துப் பூச்சில் கலப்பது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தனித் தொட்டி. ஒன்றின் பிலிம் இன்னொன்றில் குளிக்க முடியாது.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது, நடுவில் ஓர் உலகப் போரும் இருக்கிறது.

ஆக்ஃபாவின் பிலிம் தொழிற்சாலை ஜெர்மனியின் வோல்ஃபன் ஊரில் இருந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அதைப் பிடித்தது. ஜூலையில் ஊர் சோவியத் கைக்கு மாறியது. தோற்ற தேசத்தின் காப்புரிமைகளை வென்ற தேசங்கள் செல்லாது என்று அறிவித்து, ரகசியங்களை அச்சடித்து விநியோகித்தன. ஒரு கம்பெனியின் அசையாச் சொத்தில் மட்டுமல்ல, 'இன்டாஞ்சிபிள் அசெட்'டிலும் போர் கைவைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வால் வைத்த கப்ளர் பொதுச் சொத்தானது. சோவியத்தில் சோவ்கலர், இத்தாலியில் ஃபெரானியாகலர், பெல்ஜியத்தில் கேவார்ட் கம்பெனியின் கேவாகலர் எல்லாம் அந்த ஜெர்மன் வித்தின் செடிகள்.

கேவாகலர்! பழைய படங்களின் டைட்டில் கார்டு நினைவிருப்பவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். 1956 பொங்கலை ஒட்டி வெளியான, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அது கேவாகலர். எம்.ஜி.ஆரும் பானுமதியும் தமிழ்நாட்டுத் திரையில் முதன்முதலாக முழுப் படத்துக்கும் கலரில் தெரிந்ததற்கு, வோல்ஃபனில் கண்டுபிடித்து, போரில் பறிபோய், பெல்ஜியத்தில் மறுபிறவி எடுத்த ஒரு வேதிப்பொருள் காரணம்.

மூன்று வருடம் கழித்து 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பாஞ்சாலங்குறிச்சிக் கதை என்பதால் நெல்லைச் சீமைக்கு அது சொந்தக் கதை மாதிரி. பி.ஆர்.பந்துலு அதை கேவாகலரில் எடுத்தார். தியேட்டருக்குப் போகும் பிரதியை லண்டனில் டெக்னிகலரில் அச்சிட்டார்கள். பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. மெஹபூப் கானின் 'ஆன்' (1952) படமும் இப்படி 16 எம்.எம். கேவாகலரில் எடுத்து டெக்னிகலராகப் பெரிதாக்கப்பட்டதுதான்.

கவனிக்கவும், இது தப்புக் குளியல் இல்லை. நெகட்டிவ் தனக்குரிய மருந்தில்தான் கழுவப்பட்டது. பிரதிதான் வேறு முறை. டெக்னிகலரில் சாயம் தொட்டிக்குள் பிறப்பதில்லை. துணிக்கு அச்சுக்கட்டையால் சாயம் ஒற்றுவதுபோல மூன்று சாயங்களை வரிசையாக பிலிமில் ஒற்றுவார்கள். அந்தச் சாயங்களை நீடித்து நிற்கும்படி தேர்ந்தெடுக்க முடிந்தது. தொட்டியில் பிறக்கும் சாயத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, கப்ளர் எதைப் பெற்றெடுக்கிறதோ அதுதான். அதனால் பழைய ஈஸ்ட்மன்கலர் பிரதிகள் சிவந்து வெளிறிப்போன பிறகும் டெக்னிகலர் பிரதிகள் கலர் மாறாமல் இருக்கின்றன. ஆல்பத்தில் ரோஸ் வானம் வந்ததும் பல வீடுகளில் இதனால்தான். நீலம் சார்ந்த சாயமோ பச்சை சார்ந்த சாயமோ முதலில் செத்துப்போக, மிச்சம் இருப்பது சிவப்பு. யாரும் தப்பாகக் கழுவவில்லை. சரியாகக் கழுவிய படமும் காலப்போக்கில் தப்பான கலருக்குப் போய்ச் சேர்கிறது.

சரி, இனி கதையின் வணிகப் பகுதிக்கு வரலாம். சுவாரஸ்யம் இங்கேதான்.

தப்பான தொட்டியில் பிலிம் விழ வேண்டுமென்றால், ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகள் இருக்க வேண்டும். அவை கம்பெனிக்கு வெளியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1954 வரை அப்படி இல்லை. கோடக்கின் கலர் பிலிம் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. ரோலை எடுத்து முடித்ததும் கோடக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பாடப்புத்தகத்தில் 'டையிங்' என்று வருமே, ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்பது, அதற்கு அசல் உதாரணம். அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 1954 டிசம்பரில் கோடக் சமரசத்துக்கு வந்தது: இனி பிலிம் தனி, கழுவுவது தனி, மற்ற லேப்களுக்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும். தெருமுனைக் கலர் லேப் என்ற தொழில் பிறந்தது அந்த ஒப்பந்தத்தின் மையில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

வெளி லேப்கள் பெருகியதும் அடுத்த பிரச்சினை. ஆளுக்கொரு பிலிம், பிலிமுக்கொரு மருந்து. கோடக்கின் பழைய நெகட்டிவ் முறையான சி-22 ஒரு வழி, ஆக்ஃபாவுடையது வேறு வழி. 1972-இல் கோடக், பாக்கெட் இன்ஸ்டமேட்டிக் என்ற குட்டி 110 கேமராவோடு சி-41 என்ற புது முறையைக் கொண்டுவந்தது. 37.8 டிகிரி செல்சியஸ், டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி. பழைய முறைகளைவிடச் சூடு அதிகம், நேரம் குறைவு. சீக்கிரம் முடிந்தால் ஒரு மிஷினில் ஒரு நாளைக்கு நிறைய ரோல் ஓடும், கூலி இறங்கும். கணக்கு எளிது. ஃபூஜி, சகூரா (பின்னாளில் கோனிகா), ஆக்ஃபா எல்லாரும் 1970-களின் முடிவுக்குள் தங்கள் நெகட்டிவ் பிலிமை சி-41-க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். எதிரி போட்ட ரோட்டில்தான் வண்டி ஓட்டியாக வேண்டும் என்ற நிலை. ஸ்லைடு பிலிமுக்கு இதே காலத்தில் ஈ-6 வந்தது. உலகத்தின் கலர் பிலிமில் பெரும்பகுதி இரண்டே தொட்டிக்குள் அடங்கியது.

பெரும்பகுதிதான், முழுவதும் இல்லை. விட்டுப்போனது கிழக்கு ஜெர்மனி. அதனால் இந்தியாவும் பாதி விட்டுப்போனது.

வோல்ஃபன் தொழிற்சாலை 1964-இல் ஆக்ஃபா என்ற பெயரை விட்டு 'ஆர்வோ' ஆனது. அதே வருடம் மேற்கே ஆக்ஃபாவும் கேவார்ட்டும் இணைந்தது ஒரு வேடிக்கை. இந்தியாவில் அப்போது டாலர் பஞ்சம். கோடக் பிலிமுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். கிழக்கு ஜெர்மனியோடு ரூபாயிலேயே வணிகம் செய்யலாம். எனவே எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் 'ஆர்வோ கலர்' என்ற டைட்டில் கார்டு சகஜமானது. ஆர்வோவின் நிறம் ஈஸ்ட்மனைவிடக் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் மண் வாசனை என்று பலர் குறைபட்டார்கள். கிராமத்துப் படங்களுக்கு அதுவே பொருந்திப்போனது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

நாமே பிலிம் செய்யக்கூடாதா என்ற கேள்விக்குத்தான் ஊட்டியில் 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கினார்கள். உற்பத்தி 1967-இல். தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் நீலகிரி. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் பிலிம் கறுப்பு வெள்ளையிலும் எக்ஸ்ரேயிலும் பெயர் வாங்கியது. கலரில் மட்டும் காலூன்றவில்லை. 1996-இல் நலிந்த நிறுவனம் என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. அந்த ஆலையின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே இவ்வளவு போதும்: தமிழ்நாட்டின் கலர் கடைசி வரை அடுத்தவன் கெமிஸ்ட்ரியாகவே இருந்தது.

ஆர்வோவின் நெகட்டிவ் பழைய ஆக்ஃபா வழியில் கழுவ வேண்டியது. அறை வெப்பத்தை ஒட்டிய குளிர்ந்த மருந்து, நீண்ட நேரம். அதைக் கொண்டுபோய் 38 டிகிரி சி-41 மிஷினில் விட்டால்? அந்தச் சூட்டுக்காகக் கெட்டிப்படுத்தாத ஜெலட்டின் இளகும், உரியும். கப்ளருக்கும் டெவலப்பருக்கும் பொருத்தம் கிடையாது. (ஜெர்மனியில் 'அறை வெப்பம்' என்றால் 20 டிகிரி. தென்காசியில் சித்திரை மாதம் மதியம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எந்த ஜெர்மன்காரன் கணக்கிலும் வராது. அதற்கு ஐஸ் போட்டுக் குளிரவைக்க வேண்டும். சி-41 மருந்தை குற்றால சீசனில்கூட சுடவைத்தால் போதும். குளிரவைப்பதைவிடச் சுடவைப்பது மலிவு. வெப்ப நாடுகளில் சி-41 வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

கோடக்ரோம் நிலைமை இன்னும் மோசம். அதன் பூச்சில் கப்ளரே இல்லை என்று மேலே பார்த்தோம். சி-41 டெவலப்பரில் போட்டால் வெள்ளி உருவாகும், சாயம் உருவாகாது. அடுத்த தொட்டியில் வெள்ளியும் கரைந்துவிடும். மிச்சம்? ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி வெறும் பிலிம். முப்பத்தாறு படமும் இருந்த சுவடே இருக்காது. போதாததற்கு அதன் பின்பக்கம் உள்ள கரிப்பூச்சு உரிந்து தொட்டியையும் கெடுத்து, அதே நேரம் உள்ளே இருக்கும் அடுத்தவர் ரோலையும் கெடுக்கும். சினிமா நெகட்டிவுக்கும் இதே கரிப்பூச்சு இருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் பிலிம்வொர்க்ஸ் என்ற கம்பெனி சினிமா பிலிமைச் சின்னச் சுருளாக்கி மலிவாக விற்றது. சாதாரண லேப்பில் கழுவ முடியாது, அவர்களிடமேதான் திரும்பி வரவேண்டும்! 1954-இல் சட்டம் அவிழ்த்த முடிச்சை கெமிஸ்ட்ரியை வைத்து மறுபடி போட்டார்கள். பலே வியாபாரம்.

இவையெல்லாம் நஷ்டக் கணக்கு. லாபக் கணக்கு ஒன்றே ஒன்றுதான், அது ஸ்லைடு பிலிம் சி-41-இல் விழுவது.

ஸ்லைடு பிலிம் இரண்டு முறை டெவலப் ஆக வேண்டியது. முதலில் கறுப்பு வெள்ளையாக, பிறகு தலைகீழாகக் கலரில். சி-41-இல் அது ஒரே முறைதான் டெவலப் ஆகும். அதனால் நேர்ப்படமாக வராமல் நெகட்டிவாக வரும். மூன்று பூச்சும் வெவ்வேறு வேகத்தில் வளரும். டெவலப்பர் வேறு என்பதால் சாயத்தின் சாயலும் மாறும். சாதாரண நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சுத் திரை இதில் இருக்காது. பிரிண்ட் மிஷினோ அந்தத் திரை இருப்பதாக நினைத்துக்கொண்டு கலரைச் சரிசெய்யும். எல்லாம் சேர்ந்து வருவது வினோதமான ஒரு படம்: வெள்ளை கண்ணைப் பறிக்கும், நிழல் அட்டைக்கறுப்பு, முகத்தில் பருவும் சுருக்கமும் வெளிச்சத்தில் கரைந்துவிடும், நடுவில் இருக்கும் நிறங்கள் பச்சைக்கோ மஞ்சளுக்கோ ஊதாவுக்கோ ஓடும். எதற்கு ஓடும் என்பது பிலிம் கம்பெனியைப் பொறுத்தது. பாதி, பிரிண்ட் போடுகிற ஆபரேட்டரின் மனநிலையையும் பொறுத்தது.

பருவும் சுருக்கமும் கரையும் என்றதுமே ஃபேஷன் பத்திரிகைகள் ஏன் விரும்பின என்பது புரிந்திருக்கும். எண்பதுகள், தொண்ணூறுகளில் மேற்கத்திய ஃபேஷன் படங்களிலும் பாட்டு கேசட் அட்டைகளிலும் இது நிரம்பி வழிந்தது. சினிமாவும் எடுத்துக்கொண்டது. ஸ்பைக் லீயின் 'க்ளாக்கர்ஸ்' (1995), வளைகுடாப் போரைப் பற்றிய 'த்ரீ கிங்ஸ்' (1999) இரண்டிலும் ஸ்லைடு வகை எக்டாக்ரோமை நெகட்டிவ் மருந்தில் கழுவிய காட்சிகள் உண்டு. 'த்ரீ கிங்ஸ்' பாலைவனத்தின் அந்த எரிகிற வெளுப்பு அப்படி வந்தது. 1992-இல் வியன்னாவில் தொடங்கிய லோமோகிராபி கூட்டம், சோவியத் குட்டிக் கேமராவையும் தப்புக் குளியலையும் சேர்த்து ஓர் இயக்கமாகவே ஆக்கி, நல்ல காசும் பார்த்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 'தப்பு' என்று ஒன்று ருசிக்க வேண்டுமானால் 'சரி' என்று ஒன்று முதலில் நிலைபெற்றிருக்க வேண்டும். ஐம்பதுகளில் பத்துக் கம்பெனிக்குப் பத்து மருந்து இருந்தபோது யாரும் தப்புக் குளியலைக் கலை என்று சொல்லவில்லை. அது வெறும் நஷ்டம். சி-41 உலகம் முழுக்க ஒரே கலரைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த ஒரே கலர் அலுத்துப்போய், அதைக் கெடுப்பது அழகாகத் தெரிந்தது. அதுவும் யாருக்கு? ஒரு ரோல் வீணானால் இன்னொரு ரோல் வாங்க முடிந்தவர்களுக்கு.

அந்த வசதி நம்மூரில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் அப்போது டார்க் ரூமில் கறுப்பு வெள்ளையைத் தாங்களே கழுவிக்கொள்வார்கள். கலர் ரோல் என்றால் பெரிய ஊர் லேப்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு டி.வி.யில் கலர் வந்தது. ஹாட் ஷாட் கேமரா வந்தது. நோரிட்ஸு போன்ற மினிலேப் மிஷின்கள் பரவின. தாராளமயத்துக்குப் பிறகு மஞ்சள் கோடக் போர்டும் பச்சை ஃபூஜி போர்டும் நீலக் கோனிகா போர்டும் இல்லாத ஊர் அபூர்வம். அதற்குள் குடும்பக் கணக்கில் ஒரு ரோல் என்பது முப்பத்தாறு சந்தர்ப்பம். குற்றாலத்துக்கு ஒருநாள் போனால் பத்துப் படம், மிச்சத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்வது. அதில் யாரும் பரிசோதனை செய்ய மாட்டார்கள்.

ஆனால் வேண்டுமென்றே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு குற்றாலம் நல்ல இடம். சீசன் நாளில் வெயில் நேராக விழுவதில்லை. மேகமும் சாரலும் வடிகட்டிய வெளிச்சம் தட்டையாக, நீலம் தூக்கலாக இருக்கும். பகல் வெளிச்ச பிலிம் சுமார் 5500 கெல்வினுக்குச் செய்தது. சாரல் நாளின் வெளிச்சம் அதைவிட நீலம். சரியான தொட்டியில் கழுவிய ஸ்லைடில் ஐந்தருவிப் பாறை சோர்ந்துபோய் நீலம் பாரித்து நிற்கும். தப்புத் தொட்டியோ வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிவிடும். தட்டையான வெளிச்சத்துக்கு அது மருந்து. பாறை கறுத்து, தண்ணீர் வெளுத்து, நடுவில் காடு பச்சையாக எரியும். அதே பிலிமை உச்சி வெயிலில் தென்காசி ரத வீதியில் எடுத்துக் கழுவினால் சுவரும் வேட்டியும் ஒரே வெள்ளைத் திட்டாகப் போய்விடும். சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ரோலுக்கு இரண்டு தலைவிதி.

இயற்கை நிறத்தோடு திருப்தியடையாதது சினிமாக்காரர்களும்தான். தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் 1992-இல் 'ரோஜா' எடுத்தவர்கள் இருக்கிற வயலை இருக்கிறபடி எடுத்தார்கள். 2005-இல் 'அந்நியன்' பாட்டுக்கு வந்தவர்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் பாறைக்குமே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். தொட்டியை மாற்றுவதற்குப் பதில் ஊரையே மாற்றுவது! செலவு அதிகம், ஆனால் என்ன கலர் வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

அப்புறம் பிலிமே போயிற்று. கோடக்ரோம் கழுவிய உலகின் கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள ட்வெய்ன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு அந்த வேலையை நிறுத்தியது. கோடக்கின் ஆலையிலிருந்து வந்த கடைசி ரோலை வாங்கிய ஸ்டீவ் மெக்கரி, அதில் சில படங்களை எடுக்க இந்தியாவுக்கு வந்தார். ராஜஸ்தானின் ராபாரி மக்கள் அந்த முப்பத்தாறில் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு போட்டது. ஊட்டி ஆலையும் அடங்கியது. மினிலேப் மிஷின்கள் பழைய இரும்புக்குப் போயின.

வினோதம் என்னவென்றால் தப்புக் குளியல் மட்டும் சாகவில்லை. 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராமின் தொடக்கக் காலத்து ஃபில்டர்களில் ஒன்றின் பெயர் 'எக்ஸ்-ப்ரோ II'. எக்ஸ்-ப்ரோ என்றால் க்ராஸ் ப்ராசஸ். ஓரம் கறுத்து, நிழல் பச்சையோடி, நடு வெளுத்து வருமே, அதேதான். மெயினருவி முன்னால் நின்று செல்ஃபி எடுத்து அந்த ஃபில்டரைத் தட்டிய ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பச்சைக்குப் பின்னால் ஈ-6 பிலிமும் சி-41 தொட்டியும் இருப்பது?

மறுபக்கம், 'கட்டபொம்மன்' போன்ற படங்களை டிஜிட்டலில் மீட்டார்கள். 2015-இல் அது மறுபடி தியேட்டருக்கு வந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இந்த மஞ்சள் எவ்வளவு மஞ்சளாக இருந்திருக்கும் என்று யாரோ முடிவுசெய்ய வேண்டிய வேலை அது.

வீட்டு ஆல்பத்துக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அதனால் நடைமுறை விஷயம் ஒன்று. பீரோவைச் சுத்தம் செய்யும்போது, எடுத்து முடித்துக் கழுவாமல் விட்ட பழைய ரோல் ஒன்று அகப்படுவது இன்றும் நடக்கிறது. தாத்தா எடுத்ததாக இருக்கலாம். உள்ளே மொட்டைக் கோபுரமே இருக்கலாம். அதைக் கழுவ ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு. நேராக லேப்புக்குக் கொடுத்துவிடாமல், அந்த உருளையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சி-41 என்றிருந்து அதிகம் பழசாகாமல் இருந்தால் அதற்கான லேப் இன்னும் இருக்கிறது. ஈ-6 என்றிருந்தால் அதற்கும் ஒருசில இடங்கள் உண்டு. கே-14 என்றிருந்தால் அது கோடக்ரோம், அதற்கான தொட்டி உலகில் எங்கும் இல்லை. சி-22 என்றோ ஆர்வோ என்றோ இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். சி-41 லேப்பில் கொடுத்தால் கே-14 ரோல் வெறும் பிலிமாகத் திரும்பி வரும்.

அப்போது மிச்சமிருப்பது இன்னொரு தப்புத் தொட்டி: சாதாரண கறுப்பு வெள்ளை டெவலப்பர். கலர் பிலிமாக இருந்தாலும் அதன் மூன்று பூச்சிலும் இருப்பது வெள்ளி உப்புதான். கறுப்பு வெள்ளை மருந்தில் அது வெள்ளியாகும். வெள்ளியைக் கரைக்கும் கட்டம் இதில் கிடையாது. தரகர் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார். கலர் வராது, அடித்தளம் கலங்கியிருக்கும், ஆனால் உருவம் வரும். இதைச் செய்ய பெரிய மிஷின் வேண்டாம். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர், ஓர் இருட்டறை, 20 டிகிரிக்கு இறக்கிய மருந்து போதும். தென்காசியில் என்றால் கூடவே ஒரு பக்கெட் ஐஸ்.